கமரா, தண்ணி மோட்டர், சோலர் எல்லாம் இன்ரநெற்றில்: திறப்பு யார் கையில்?

வடலி · கோண்டாவில்

எல்லோருக்கும் வணக்கம். யோசனை கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன், சண்டைக்கு இல்லை.

பக்கத்து வளவில் எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் தனிய இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளியே. மூத்தவர் விடுமுறைக்கு வந்து நின்றபோது வீட்டைச் சுற்றி நாலு கமரா, கேற்றில் கமரா வைத்த அழைப்பு மணி, தண்ணி மோட்டருக்கு வைஃபை சுவிட்ச், கூரையில் சோலர், அதற்கும் ஒரு வைஃபை குச்சி என்று எல்லாம் ஒரு பெடியனைப் பிடித்துப் பூட்டுவித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ரொறன்ரோவில் இருந்தபடியே கோண்டாவிலில் தண்ணித் தாங்கியை நிரப்புகிறார். பெரியப்பாவுக்கு ஒரே புளுகம், வருகிறவர்களுக்கெல்லாம் போனைக் காட்டுகிறார். பெரியம்மா ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கும் அதேபோல் பூட்டச் சொல்லி அண்ணாவின் நெருக்கடி. காசு அவர் தருவார். எனக்கு விளங்காதது, இந்தச் சாமான்கள் எல்லாம் எங்கே போய் யாரோடு கதைக்கின்றன? இடையில் வேறு யாரும் எட்டிப் பார்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

மோட்டர்காரன் · உரும்பிராய்

தம்பி, கமராவைப் பிறகு பார்ப்போம். பெரியப்பா வீட்டு மோட்டர் சுவிட்சை முதலில் போய்த் திறந்து பாருங்கோ.

கடையில் விற்கிற சின்ன வைஃபை சுவிட்சில் 10 அம்பியர் என்று போட்டிருக்கும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது 6 அம்பியர் அளவுதான், அப்ப காணும்தானே என்று பூட்டிவிடுகிறார்கள். ஆனால் மோட்டர் கிளம்புகிற அந்தக் கணத்தில் ஓடுகிற கறண்டைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சுவிட்சுக்குள் கறண்டை வெட்டித் தொடுக்கிற ரிலேயின் முனைகள் பொறி பட்டுப் பட்டு ஒரு நாள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும். ஒட்டினால் போனில் ஓஃப் என்று காட்டும், மோட்டர் தன்பாட்டில் ஓடும். தாங்கி வழியும். வெயில் காலத்தில் கிணறு இறங்கியிருந்தால் மோட்டர் தண்ணி இல்லாமல் ஓடிச் சீல் எரியும். நான் கழற்றிய ஒன்றில் பிளாஸ்ரிக் பெட்டி ஒரு பக்கம் உருகி உள்ளே மடிந்து, திறந்தவுடன் கருகின மணம். வீட்டுக்காரரின் போனில் அது அப்போதும் பச்சையாகத்தான் நின்றது.

சரியான முறை இதுதான்: வைஃபை சுவிட்ச் ஒரு கொன்ராக்டரை (பெரிய கறண்டைத் தாங்குகிற சுவிட்ச்) மட்டும் இயக்கட்டும், மோட்டரின் கறண்ட் கொன்ராக்டர் வழியாகப் போகட்டும். தாங்கிக்குள் மிதவைச் சுவிட்ச், அது வயரில் வரவேண்டும். இன்ரநெற் செத்துக் கிடந்தாலும் மிதவை தன் வேலையைச் செய்யும்.

இன்னொன்று. கிணற்றடியில் கையால் வெட்டுகிற ஐசலேற்றர் கட்டாயம் இருக்கவேண்டும். பெரியப்பா பம்புக்குத் தண்ணி விட்டுக்கொண்டு கையை அதற்குள் வைத்திருக்கிற நேரம், ரொறன்ரோவில் ஒருவர் கட்டிலில் கிடந்தபடி பொத்தானை அமத்துவார். அவருக்குக் கிணற்றடியில் யார் நிற்கிறார் என்று தெரியாது.

---

சைக்கிள்கடை · சாவகச்சேரி

நாலு கமரா செற் என்ன விலை போனது? எந்தக் கடை?

---

நிர்வாகம்

விலை, கடை விசாரிப்பு எல்லாம் வாங்கல் விற்றல் பகுதியில் கேளுங்கள். இங்கே வேண்டாம்.

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

வடலி, யாரோடு கதைக்கின்றன என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இப்போது வருகிற கமராக்கள் தாங்களாகவே வெளியே போய், தயாரித்த கம்பனியின் சேர்வரோடு எந்நேரமும் ஒரு தொடுப்பை வைத்திருக்கும். போனில் இருக்கிற அப்பும் அதே சேர்வரிடம்தான் போகும். சேர்வர் இரண்டையும் சேர்த்துவிடும். அதனால்தான் கியூஆர் குறியைப் போனுக்குக் காட்டினவுடன் கோண்டாவில் முற்றம் ரொறன்ரோவில் தெரிகிறது. வீட்டுக்குள் யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டதோ, சேர்வரின் கண்ணில் அவர்தான் சொந்தக்காரர். காசு கொடுத்தவரையோ அந்த வீட்டில் சீவிக்கிறவரையோ அதற்குத் தெரியாது. எங்கள் ஊரில் அந்த மின்னஞ்சல் பல இடங்களில் பூட்ட வந்த பெடியனுடையது. அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை கெதியாக முடியும் என்று தன் போனிலேயே திறந்துவிடுவான். அடுத்த வருடம் அவன் பிரான்சுக்குப் போய்விடுவான். பிறகு யாருக்கும் உள்ளே போக முடியாது, அவனைத் தவிர.

பழைய டிவிஆர்கள், கமராப் படத்தைப் பதிகிற பெட்டிகள், வேறு சாதி. அவற்றை வெளியே இருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியில் இருந்து உள்ளே வர ஒரு வாசல், திறந்துவிடுவார்கள். திறந்தால் உலகத்தில் எவரும் வந்து தட்டலாம். தட்டிப் பார்ப்பதற்கென்றே 2009 இல் இருந்து ஷோடான் என்று ஒரு தேடுபொறி இருக்கிறது. வெளியே முகம் காட்டுகிற கருவிகளைத் தேடி அடுக்கி வைப்பதுதான் அதன் வேலை. 2014 இல் ஒரு தளம், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத ஏறக்குறைய 73,000 கமராக்களின் நேரடிக் காட்சியைப் பகிரங்கமாகப் போட்டது. தொட்டில், படுக்கையறை, கடைக் கல்லாப்பெட்டி எல்லாம். ஒருவரும் எதையும் உடைக்கவில்லை. பெட்டியில் அச்சடித்த கடவுச்சொல்லை அடித்தார்கள், திறந்தது.

2016 இல் வந்த மிராய் என்ற நச்சுநிரல் இதையே பெரிதாகச் செய்தது. அறுபது சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் சோடிகள்தான் அதன் ஆயுதம். அதை வைத்தே கமரா, டிவிஆர், ரவுட்டர் என்று இலட்சக்கணக்கில் பிடித்தது. எழுதியது மூன்று அமெரிக்கப் பெடியள், மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேர்வர்காரருக்கிடையே நடந்த போட்டியில் கிளம்பியது. நிரலைப் பகிரங்கமாகவும் விட்டுவிட்டார்கள், பிறகு எவர் வேண்டுமானாலும் எடுத்து ஏவலாம் என்ற நிலை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 21 இல் இப்படிப் பிடிபட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்து டின் என்ற நிறுவனத்தை மொய்த்தன. இணையப் பெயர்களை முகவரியாக மாற்றிக் கொடுக்கிற நிறுவனம் அது. அது திணறியதில் ருவிற்றர், நெற்பிளிக்ஸ், ரெடிற் எல்லாம் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மணிக்கணக்காக எட்டாமல் கிடந்தன.

மிராய் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். கமராவை நிறுத்திப் போட்டால் போய்விடும். கடவுச்சொல் பழையதே என்றால் சில நிமிடத்தில் திரும்ப வந்து ஏறும். வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, படம் வழமைபோல் வந்துகொண்டிருக்கும்.

---

முற்றத்து மல்லிகை · இணுவில்

வெளியில் இருந்து வருகிற கள்ளரைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் உள்வீட்டுக் கதை சொல்கிறேன்.

மாமியைப் பார்ப்பது நான். கணவரின் தம்பி ஐரோப்பாவில். அம்மா விழுந்தால் தெரியவேண்டும் என்று ஹோலில் ஒரு கமரா வைப்பித்தார். நியாயம்தான், நானும் ஓம் என்றேன். அந்தக் கமரா தலையைத் திருப்பும். அங்கே போனில் விரலால் இழுத்தால் இங்கே திரும்பும். திரும்பும்போது கிர்ர் என்று ஒரு சின்னச் சத்தம். நான் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், கிர்ர் என்று கேட்கும். நிமிர்ந்தால் அது என்னைப் பார்த்தபடி நிற்கும். பார்ப்பது அவரா, அவருடைய மனைவியா, பிள்ளைகளா, ஒன்றும் தெரியாது. பிறகு கமரா வாய் திறந்து கதைக்கும்: "அண்ணி, அம்மாவுக்குக் குளிசை குடுத்தாச்சோ?"

குளிசை கொடுக்காமல் நான் இருந்ததில்லை. அது வேறு கதை.

கூட்டித் துடைக்க வந்த அக்கா நின்றுவிட்டா. சம்பளப் பிரச்சினை இல்லை. "நான் களவெடுக்கிறவள் இல்லைத் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. அவவுக்குக் கமரா பற்றி யாரும் முதலே சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மத்தியானம் அவ சாப்பிடுவது அந்த ஹோல் மூலையில்தான்.

மாமி இப்போது குளித்துவிட்டு வந்து துவாயைக் கமராவுக்கு மேலேதான் காயப்போடுகிறா. கேட்டால், "காத்து அங்கதான் வருது பிள்ளை" என்கிறா.

---

பூவரசு · ஸ்காபரோ

மல்லிகை அக்கா எழுதியதை வாசிக்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது. நானும் அந்தத் தம்பியின் இடத்தில் இருக்கிற ஆள்தான். ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கோ.

அப்பா கொக்குவிலில் தனிய. ஒரு நாள் இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே இரவு பத்தரை. சும்மா திறந்து பார்த்தேன், விறாந்தையில் அப்பா விழுந்து கிடக்கிறார். கை மட்டும் அசைகிறது. முன்வீட்டு அண்ணையைக் கூப்பிட்டேன், அவர் மதிலால் ஏறிக் குதித்தார், 1990 அம்புலன்ஸ் வந்து போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. இடுப்பெலும்பு. இப்போது பொல்லோடு நடக்கிறார். அந்தக் கமரா இல்லாவிட்டால் விடியப் பால் கொண்டுவருகிறவர்தான் கண்டிருப்பார். இவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

பயமும் அதே கமராவால்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கறண்ட் போனது நினைவிருக்கும், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதை. அங்கே காலை பதினொன்றேகால் சொச்சம், இங்கே நள்ளிரவு தாண்டி. போனில் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்பில் இல்லை, தொடர்பில் இல்லை என்று வந்து விழுந்தது. அப்பாவின் போன் சார்ஜ் இல்லை. கள்ளர் வயரை வெட்டினாலும் அதே செய்திதான், குரங்கு பாய்ந்தாலும் அதே செய்திதான். விடியுமட்டும் நித்திரை இல்லை.

---

மோட்டர்காரன் · உரும்பிராய்

பூவரசு தம்பி, ரவுட்டருக்கும் கமராவுக்கும் 12 வோல்ற்றில் ஓடுகிற சின்ன யூபிஎஸ் வாங்கலாம். சாதாரண வெட்டுக்குச் சில மணித்தியாலம் தாங்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டின காலத்துக்கு அது காணாது, அது வேறு.

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

யூபிஎஸ் போட்டாலும் மற்ற முனையில் சேர்வர் இருக்கிறதே. 2025 ஒக்ரோபர் 20 இல் பல கம்பனிகளின் சேர்வர்கள் ஓடுகிற அமேசனின் வேர்ஜீனியா தரவுமையத் தொகுதியில் பிரச்சினை வந்தபோது உலகின் பல மூலைகளில் அழைப்பு மணிகளும் கமராக்களும் செத்துக் கிடந்தன. இணையத்தோடு தொடுத்த கட்டில்கள்கூடச் சூட்டைக் குறைக்க முடியாமல் நின்றன. ஓம், கட்டில். அப்படியும் ஒன்று விற்கிறார்கள்.

அது சில மணித்தியாலத்துக் கதை. ரிவோல்வ் என்று வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்குகிற 300 டொலர் பெட்டி ஒன்று இருந்தது. நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பனியை வாங்கி, 2016 மே மாதம் சேர்வரை மூடிவிட்டது. பெட்டிகளில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் எல்லாம் வெறும் பிளாஸ்ரிக்காகிவிட்டன. எனவே எதை வாங்கும்போதும் நான் கேட்பது: இன்ரநெற் வயரைக் கழற்றினால் இது வீட்டுக்குள் வேலை செய்யுமா? கடைக்காரர் விழித்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

---

சைக்கிள்கடை · சாவகச்சேரி

நல்ல காலம், எங்கள் வீட்டில் இந்தக் கமரா, சுவிட்ச் ஒன்றும் இல்லை. தமிழ்ச் சனல் பார்க்கிற ரீவிப் பெட்டி ஒன்று மட்டும்தான். மச்சான் வெளியில் இருந்து கொண்டுவந்து தந்தது, மாதக்காசும் இல்லை.

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

அண்ணை, இந்த இழையில் வந்த சாமான்களில் எனக்கு ஆகவும் பயம் அந்தப் பெட்டிதான்.

2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விட்டது, பாட்பொக்ஸ் 2.0 என்ற நச்சுநிரல் பற்றி. கூகிளின் சான்று இல்லாத மலிவு அன்ட்ரொயிட் ரீவிப் பெட்டி, புரொஜெக்ரர், டிஜிற்றல் படச்சட்டம் போன்றவற்றில் அது ஏறியிருக்கிறது. சிலவற்றில் விற்பனைக்கு வர முதலே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மற்றவற்றில் பெட்டியை முதன்முதல் தொடுக்கும்போது இறக்கச் சொல்கிற அப்போடு சேர்ந்து வருகிறது. அடுத்த மாதம் கூகிள் வழக்குப் போட்டது. அதில் சொன்ன கணக்கு 1 கோடிக்கு மேற்பட்ட கருவிகள்.

அது உங்கள் படத்தை எடுப்பதற்காக வந்ததும் இல்லை. உங்கள் வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுகிறது. எங்கோ ஒருவன் ஒரு மோசடி செய்வான், முகவரி சாவகச்சேரியைக் காட்டும். மாதக்காசு இல்லை என்கிறீர்கள், அதை வேறு ஆள் அறவிடுகிறான் என்று வையுங்கோ. எல்லா மலிவுப் பெட்டியும் இப்படி என்று சொல்லவில்லை. பிளே புரொடெக்ற் என்ற கூகிளின் பாதுகாப்புச் சோதனையை நிறுத்து, தெரியாத இடத்து அப்பை இறக்கு என்று கேட்கிற பெட்டியை வீட்டு வைஃபையில் இருந்து கழற்றிவிடுங்கோ.

---

சைக்கிள்கடை · சாவகச்சேரி

பிள்ளைகள் நாடகம் பார்க்கிற நேரம். இன்றைக்குக் கழற்றினால் எனக்குச் சோறு கிடையாது. நாளைக்குப் பார்ப்போம்.

---

வெங்காயத்தார் · குப்பிழான்

வீட்டை விட்டுக் கொஞ்சம் தோட்டத்துக்கும் வாருங்கோ. நல்லதையும் யாராவது சொல்லவேண்டுமே.

எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. குடிக்கிறதும் இறைக்கிறதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத்தண்ணி. நல்ல தண்ணி கீழே உள்ள உப்புத்தண்ணிக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே எழும்பும். அந்தக் காலத்தில் அப்பு வாயில் விட்டுப் பார்த்துச் சொல்லுவார். வாய்க்குத் தெரிகிற நேரம் வெங்காயத்தாள் நுனி கருகத் தொடங்கியிருக்கும்.

மகன் கிணற்றுக்குள் ஒரு சென்சர் இறக்கி வைத்திருக்கிறான். தண்ணிக்குள் மின்சாரம் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்று அளக்கும். உப்புக் கூடினால் அந்த எண் கூடும். லோரா என்ற முறையில் தோட்டத்தில் இருந்து வீட்டுக்கு அனுப்புகிறது. வைஃபை எட்டாத தூரத்துக்கும் போகும், பற்றரி கனகாலம் நிற்கும். எங்கள் நிலம் மேடு பள்ளம் இல்லாததால் நல்லாய் எட்டுகிறது. எண் ஏறத் தொடங்கினால் அன்றைக்கு இறைப்பைக் குறைத்து அடுத்த நாள் விடிய மிச்சத்தை இறைக்கிறேன். மோட்டர் ஓடுகிற நேரம் குறைந்தது, மின்கட்டணமும் இறங்கியது. கணக்கு எல்லாம் வீட்டில் இருக்கிற சின்னக் கொம்பியூட்டரில், எந்தக் கம்பனிக்கும் போகாது.

எல்லா வருத்தத்துக்கும் அது மருந்தில்லை. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த காலத்தில் இந்தக் கருவி இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிராது. உப்பை மட்டும்தான் அது அளக்கும்.

மகனுக்கு ஆசை, சுற்றிவர உள்ள தோட்டங்களிலும் போட்டு எல்லோருடைய எண்ணையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டும் என்று. நிலத்துக்குக் கீழே தண்ணி ஒன்றுதானே, தனித்தனிக் கிணறு என்பது மேலே எங்கள் எல்லைக் கணக்கு. ஆனால் பக்கத்துத் தோட்டத்து ஐயா ஒரே பேச்சில் மாட்டேன் என்றுவிட்டார். "நான் எத்தினை மணிக்கு இறைக்கிறன் எண்டு ஊருக்கு ஏன் தெரியவேணும்?" அவரிலும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து அவருக்கு இறைப்பு அளவு வைத்தால், முதலில் காட்டிக்கொடுத்தது என் மகனின் கருவி என்றாகிவிடும்.

---

கச்சேரியடி · யாழ்ப்பாணம்

ஓய்வு பெற்ற ஆள், சட்டப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் போகவில்லை.

எங்கள் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் கையாளுகிற தரவை அது விட்டுவிடுகிறது. எனவே மல்லிகைப் பிள்ளையின் ஹோல் கமராவுக்கு அதில் வழி தேடவேண்டாம். குடும்பத்துக்குள்தான் பேசவேண்டும்.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே இலகு கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்றும் விற்கும்போதே சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் இதுபோல் ஒரு சட்டம் செய்திருக்கிறது, அதன் முக்கிய கடமைகள் 2027 டிசெம்பரில் இருந்து. ஆகவே பிள்ளைகள் லண்டனில் வாங்கிச் சூட்கேசில் கொண்டுவருகிற கமராவுக்கு ஒரு கேள்வி நியாயம் இருக்கிறது. இங்கே ஸ்டான்லி வீதியில் பெயரில்லாத பெட்டியில் வாங்குகிறதுக்கு அது இல்லை.

சென்றிக்குச் சென்றி அடையாள அட்டை காட்டி வளர்ந்த ஆட்கள் நாங்கள். இப்போது காசு கொடுத்து வாங்கிச் சொந்தச் சுவரில் பூட்டுகிறோம். சிரிப்பாகவும் இருக்கிறது.

---

வடலி · கோண்டாவில்

ஒருவரும் சோலரைப் பற்றிச் சொல்லவில்லையே. அந்த வைஃபை குச்சி வெறும் யூனிற் கணக்குத்தானே காட்டுகிறது?

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

கணக்குக் காட்டுவது உங்களுக்கு. சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டர்கள் பலவற்றில் அதே வழியால் தயாரிப்பாளருக்கு அமைப்பை மாற்றவும் முடியும், நிறுத்தவும் முடியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் சிலருடைய இன்வேர்ட்டர்கள் தூரத்தில் இருந்தே முடக்கப்பட்டன. அந்தச் சந்தைக்கென்று விற்காத சாமான் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் சரியோ பிழையோ, கூரை அவர்களுடையது, சுவிட்ச் வேறொருவருடையது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர் உள்ளவர்களிடம் பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. விடுமுறையில் பாவனை குறைவு, வெயிலில் சோலர் மட்டும் கூடும், சுழன்றுகொண்டிருக்கிற பெரிய மின்பிறப்பாக்கிகள் குறையும். அந்த நேரம் எங்காவது ஒரு இடி விழுந்தால் தாங்கிப் பிடிக்க வலு இல்லை. பூவரசு சொன்ன பெப்ரவரி ஞாயிறும் அப்படி ஒரு மத்தியானம்தான். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்காமல் தேவையான அளவுக்கு மட்டும் தூரத்தில் இருந்து குறைக்க முடிந்தால் முழு நாட்டுக்கும் நல்லது. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் என்ன விதியில், எவ்வளவு நேரம், நட்டத்துக்கு என்ன என்று எழுத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். இப்போது அந்த வல்லமை இருப்பது கடல் தாண்டி உள்ள ஒரு கம்பனியிடம், நாங்கள் படிக்காமல் 'சம்மதம்' அமத்திய ஒரு பக்கத்தின் பேரில்.

---

பூவரசு · ஸ்காபரோ

மல்லிகை அக்கா, அந்தத் தம்பிக்கு நீங்கள் நேரடியாகச் சொன்னீங்களோ?

---

முற்றத்து மல்லிகை · இணுவில்

நான் சொன்னால் அண்ணி எதையோ மறைக்கிறா என்று போகும். கணவர் சொன்னால் அம்மாவைப் பார்க்க உனக்கு விருப்பமில்லையோ என்று போகும். மாமி சொன்னால்தான் எடுபடும். மாமிக்கோ மகனின் குரல் கேட்கவும் ஆசை.

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

அக்கா, விழுந்தால் தெரியவேண்டும் என்பதற்குப் படம் தேவையே இல்லை. குசினிக் கதவில் ஒரு சின்னக் கதவுச் சென்சர், ஹோலில் அசைவுச் சென்சர். காலை ஏழரைக்குள் குசினிக் கதவு திறக்கவில்லை என்றால் அவருக்கும் உங்களுக்கும் ஒரே செய்தி. விறாந்தையில் நெடுநேரம் அசைவில்லை என்றால் இன்னொரு செய்தி. தேங்காய் துருவுகிறது யார் என்று அதற்குத் தெரியாது. ராடார் அலையில் விழுகையைக் கண்டுபிடிக்கிற சென்சர்களும் இப்போது வருகின்றன, அவையும் படம் எடுப்பதில்லை.

கமரா வேண்டும் என்றால் கேற்றிலும் விறாந்தை வெளிப்பக்கத்திலும் வையுங்கோ. வீட்டுக்குள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அதன் பிளக் மாமியின் கைக்கு எட்டுகிற சுவரில் இருக்கட்டும், சுவிட்ச் போட்ட பிளக். வேண்டும் என்று நினைக்கிற நேரம் அவவே போடட்டும். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் போகாமல், ஆளுக்கொரு கணக்கு எடுத்துப் பகிரச் சொல்லுங்கோ. அப்போதுதான் தேவையில்லாத ஆளை எடுத்துவிடலாம்.

---

பூவரசு · ஸ்காபரோ

கதவுச் சென்சர் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குச் செய்தி மட்டும் வந்தால் காணாது. அப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பதைக் காணவேண்டும் போல இருக்கும். அப்பாவிடம் இன்றைக்குக் கேட்டுப் பார்க்கிறேன், எது வேண்டும் என்று. இவ்வளவு நாளும் கேட்கவில்லை.

---

வடலி · கோண்டாவில்

எல்லோருக்கும் நன்றி. முடிவு இப்படி: எங்கள் வீட்டில் கேற்றுக்கு மட்டும் கமரா, என் மின்னஞ்சலில், கடவுச்சொல் நானே வைப்பேன். மோட்டருக்கு மிதவையும் கொன்ராக்டரும் முதலில், வைஃபை பிறகு யோசிப்போம். பெரியப்பா வீட்டுக் கமராக் கணக்கைத்தான் எப்படி மீட்பது என்று தெரியவில்லை. பூட்டிய பெடியன் போனை எடுக்கிறான் இல்லை. பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.

[படம் நீக்கப்பட்டது]

---

நிர்வாகம்

வடலி, படத்தை எடுத்துவிட்டோம். அதில் கமராவின் கியூஆர் குறியும் தொடர் இலக்கமும் சரிபார்ப்புக் குறியீடும் துலக்கமாகத் தெரிந்தன. சில கருவிகளில் அதை வைத்தே கமராவைச் சேர்க்கலாம். கொஞ்ச நேரம் இங்கே கிடந்தபடியால், அந்தக் குறியீட்டை மாற்ற முடியுமானால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

---

சுண்ணாம்புக்கல் · திருநெல்வேலி

அடிப்பக்கத்தில் ஊசி போகிற அளவு ஒரு துளை இருக்கும். மின்சாரம் இருக்கும்போதே ஊசியால் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால் தொழிற்சாலை நிலைக்குப் போகும். பிறகு பெரியப்பாவின் மின்னஞ்சலில் சேர்த்துப் பாருங்கோ. வேறு கணக்கோடு பிணைந்திருக்கிறது என்று வந்தால், துளையால் முடியாது, பிணைப்பு சேர்வரில் இருக்கிறது. வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டித் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்கவேண்டும். சீட்டு மூத்தவரிடம் இருக்கும், கேட்டு வையுங்கோ. ரவுட்டரின் கடவுச்சொல்லும் அதே பெடியன் வைத்ததென்றால் அதையும் மாற்றுங்கோ. யூபிஎன்பி என்று ஒன்று இருக்கும், கருவிகள் தாங்களாகவே ரவுட்டரில் போர்ட் திறக்க விடுகிற வசதி, அதை நிறுத்திவிடுங்கோ. விருந்தாளி வைஃபை இருந்தால் கமராக்களை அதில் விட்டுப் போன், கொம்பியூட்டரை மற்றதில் வையுங்கோ.

---

மோட்டர்காரன் · உரும்பிராய்

மோட்டரின் தகட்டில் எழுதியிருக்கிற அம்பியரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கோ, அதற்கு ஏற்ற கொன்ராக்டர் சொல்கிறேன். அதில் கியூஆர் ஒன்றும் இராது, படமாகவே அனுப்பலாம். சனிக்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, வந்தால் பெரியப்பா வீட்டுச் சுவிட்சையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். அதுவரைக்கும் ரொறன்ரோக்காரரைத் தாங்கி நிரப்பவேண்டாம் என்று சொல்லுங்கோ.